நீ கொண்டுபோனது பாதிப் பாட்டு

குமாரு,

உன் கடிதம் வந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று முதல் வரியில் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே தை மாதம் வரும்போது புதிதாக ஒரு ரெக்கார்டிங் மெஷின் கொண்டு வருவதாக எழுதியிருக்கிறாய். கையளவுதான் இருக்குமாம், சத்தம் சுத்தமாகப் பிடிக்குமாம். கூடவே ஒரு வெள்ளைக்கார அம்மாளும் வருகிறாளாம். ஒப்பாரியை ஆராய்கிறவளாம். என் எதிரில் உட்கார்ந்து கேட்க ஆசைப்படுகிறாளாம். "நீங்க மறந்துபோறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாடிடுங்கம்மா" என்று முடித்திருக்கிறாய். நான் எதையும் மறக்கவில்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. அதனால் உட்கார்ந்து முழுவதும் படி. படித்துவிட்டு, என் குரலைப் போட்டிருக்கிறாயே அந்தக் கம்ப்யூட்டர் பக்கம், அதிலேயே இந்தக் கடிதத்தையும் போடு. அதைக் கேட்டவர்கள் இதையும் படிக்கட்டும். இதைப் போடுவதற்கு என் சம்மதம் உண்டு. அதைப் போடுவதற்கு நீ சம்மதம் கேட்கவில்லை.

துளசி எனக்குத் தங்கை, உனக்குச் சித்தி. அம்மா இல்லாத வீட்டில் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஹனூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்தோம். முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். வலி எடுத்த உடனே கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டிராக்டர் வாசலில் வந்து நின்றது. ராகு காலம் கழியட்டும் என்று சொல்லி அவளுடைய மாமியார் ராமாயி நிறுத்தி வைத்தாள். ராகு காலம் கழிந்து வண்டி கிளம்பியது. வழியிலேயே குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வருவதற்குள் துளசியின் மூச்சு நின்றுபோனது. நான் மைசூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். குழந்தை உள்ளே யாரோ ஒருத்தியின் கையில் கத்திக்கொண்டிருந்தது. நீ அப்போது காலேஜ் பையன். சினிமாப் பாட்டுக் கேட்பதற்கு ஒரு டேப் ரெக்கார்டரை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரிவாய். சாவு வீட்டுக்கும் அதைக் கொண்டு வந்தாய்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவர்கள் பெண் எடுத்தவர்களை ஒரு குறை சொல்லிவிட முடியாது. பெண் அங்கேதானே வாழ வேண்டும். அவள் அடிபட்டாலும் பட்டினி கிடந்தாலும் "நல்லா இருக்கறாளுங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வாய் திறக்கக் கிடைக்கிற ஒரே இடம் சாவு வீடு. அங்கே பாட்டில் எதையும் சொல்லலாம். மாமியாரைப் பேர் சொல்லிக் கேட்கலாம், புருசனைக் கேட்கலாம், சாமியை ஏசலாம், செத்தவளையே ஏசலாம். பேர் சொல்லப்பட்டவர்கள் எழுந்து போகக் கூடாது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. தலையைக் குனிந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு ஏச்சுப் பாட்டு என்று பெயர். பஞ்சாயத்தில் ஏறாத வழக்கெல்லாம் அங்கேதான் ஏறும். அன்றைக்கு நான் ஏறினேன். நீ போட்டிருக்கிற துண்டு அந்த இடம்தான்.

வண்டி வந்து நின்னிருந்தும் வாசலத் தாண்டலியே
ராவுகாலம் போகட்டும்னு ராமாயி சொன்னாளே
ராவுகாலம் போயிருச்சு, என்
ராசாத்தியும் போயிட்டாளே

அதற்குப் பிறகு குழந்தையின் முறை. அழுகிற குழந்தையைப் பார்த்துப் பாடினேன்.

கண்ணு முழிக்குமுன்னே காவு வாங்கி வந்தவளே
பெத்தவளத் தின்னுபுட்டுப்
பாலுக்கு அழுவறியே

இந்த வரியை நான் பாடினேன். இப்போதும் பாடவில்லை என்று சொல்ல மாட்டேன், பாடியது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அந்த வாசலில், அந்தப் பொழுதில், அது சரி. துளசி செத்ததற்கு யார் யாரெல்லாம் காரணமோ அத்தனை பேரையும் அங்கே சொல்லியாக வேண்டும். குழந்தையும் ஒரு காரணம். அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அந்தக் குழந்தையை வளர்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அதன் முகத்தைப் பார்த்து அதையேதான் நினைப்பார்கள். வெளியே சொல்லிவிட்டால் அதோடு போயிற்று. எப்படிப் போகும் என்று நீ கேட்பாய். உனக்குத் தெரியாது. ஏனென்றால் பாடை எழுந்ததும் நீ டேப்பை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டு மற்ற ஆண்களோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டாய்.

இனி நான் எழுதப்போவதை எந்த ஆண்பிள்ளையிடமும் சொல்லும் வழக்கம் இல்லை. உன் அப்பாகூட இது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நீங்கள் போன பிறகு நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு திரும்ப அதே இடத்தில் வந்து உட்காருவோம். கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு வைப்பார்கள். அப்போது இன்னொரு பாட்டு உண்டு. தேத்துப் பாட்டு. யார் யார் பேரைச் சொல்லி ஏசினோமோ, ஒருத்தரையும் விடாமல் பேர் சொல்லித் தேற்றிப் பாட வேண்டும். அது முடிகிற வரைக்கும் விளக்கை அணைக்கக் கூடாது. அணைத்த பிறகு அந்த இரண்டு பாட்டைப் பற்றியும் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏசினதையும் எடுக்கக் கூடாது, தேற்றினதையும் எடுக்கக் கூடாது. சாவு இல்லாத வீட்டில் இரண்டில் எதையும் பாடக் கூடாது. அவ்வளவுதான் முறை. தேத்துப் பாட்டில் நான் என்ன பாடினேன் என்று இங்கே எழுத மாட்டேன். ராமாயியைத் தேற்றிப் பாடினேன், துளசியின் புருசனைத் தேற்றிப் பாடினேன், கடைசியில் குழந்தையைத் தேற்றிப் பாடினேன். பாடி முடித்ததும் ராமாயி எழுந்து உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் போட்டாள்.

குமாரு, அந்த மடியில் போட்டதனால்தான் செல்வி நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். செல்வி யார் என்று உன் பக்கத்தைக் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் கேட்கிற பாட்டில் பாலுக்கு அழுகிற குழந்தை அவள்தான். அவள் சாகவில்லை. வளர்ந்து ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா வீட்டில் ராமாயியிடம் வளர்ந்தாள். ஒவ்வொரு கோடை லீவுக்கும் மைசூருக்கு வந்து என்னோடு இருப்பாள். நான் ஊதுபத்தி உருட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து மாவைப் பிசைந்து பாம்பும் பல்லியும் செய்து வைப்பாள். பெரியம்மா பெரியம்மா என்று பின்னாலேயே திரிவாள். நீ அமெரிக்கா போய் இந்த விஜயநகர் வீட்டைக் கட்டியபோது, இதில் ஒரு அறை அவளுக்கு என்று நான் சொன்னேன், உனக்கு நினைவிருக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று பேசி முடித்திருந்தோம். ராமாயியே சொன்னாள்: "எங்கூர்ல ஏழாவதுக்கு மேல பள்ளிக்கூடம் தூரமுங்க. உங்ககிட்ட இருந்தா நாலெழுத்து நல்லாப் படிப்பா."

டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நீ அன்றைக்கே என்னிடம் சொன்னாய். நான் கேட்டேன், நீ சொன்னாய், நான் நம்பினேன். நீ அதைத் தூக்கிப் போடாமல் அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாய். போன வருஷம் போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். "அம்மா, உங்க குரல் இன்டர்நெட்ல வருது. உலகத்துல எங்க இருந்தாலும் கேக்கலாம்." எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக் கௌரிதான் விளக்கினாள். அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பாதி கன்னடத்தில்தான் பேசுவாள். "ஹௌதா அக்கா, நிஜமாவா? உங்க வாய்ஸா? பாருங்களேன், சும்மா வீட்டுல உக்காந்துட்டு அமெரிக்கா போயிட்டீங்க!" என்று கையைத் தட்டினாள். அவளுடைய மகளைக் கூட்டிக்கொண்டு நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என்ன பாட்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. தாலாட்டோ, நடவுப் பாட்டோ, நீ சின்னவனாக இருந்தபோது பிடித்து வைத்த ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன்.

அங்கே பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கௌரியின் மகள் எதையோ அமுக்கினாள். முதலில் என் படம் கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து கீழே இறங்கியது, நெற்றி, கண், வாய் என்று. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் என் குரல் வந்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனால் என் குரல்தான். ராமாயி பேரும் வந்தது. கடைக்காரர் ஓடி வந்தார். கன்னடக்காரர், நாலு வார்த்தைக்கு மேல் தமிழ் தெரியாதவர். "அம்மா, ஸ்பீக்கர் பேடா, பேடா! ஹெட்போன் போட்டுக்கோ!" என்று தெரிந்த தமிழைக் கலந்து, வேண்டாம் வேண்டாம் என்று கத்திவிட்டுச் சத்தத்தை நிறுத்தினார். காலையில் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார் பாவம். பாஷை தெரியாத மனுஷனுக்கு அது என்ன பாட்டு, எங்கே கேட்கக் கூடாதது என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை.

பாட்டுக்குக் கீழே நீ இங்கிலீஷில் அர்த்தம் எழுதியிருந்தாய். ராமாயியின் பேர், ஊரின் பேர், துளசி எப்படிச் செத்தாள், எல்லாம். அதற்கும் கீழே கேட்டவர்கள் எழுதியிருந்ததைக் கௌரியின் மகள் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். மனசை உருக்குகிறதாம். அழகாம். ஒருத்தர் மழை பெய்கிறபோது இதைப் போட்டுக் கேட்பாராம். இன்னொருத்தர் இந்த அம்மா வேறு என்ன பாடுவார் என்று கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். எடுத்துவிடு என்று சொன்னேன்.

"ஏம்மா? ஒரு புரொபசர் இதைக் கேட்டு அழுதுட்டார்மா."

"எதுக்கு அழுதாரு? அவருக்குத் துளசியத் தெரியுமா?"

"தெரியலேன்னாலும் அழ வைக்குதுல்ல? அதுதாம்மா கவிதை."

"ஏன்டா சித்தி சாவுல இந்த ஒரு துண்டுதான் உனக்குக் கிடைச்சுதா?"

"லைன் ரொம்ப ஸ்லோம்மா. முழுசும் போட்டா யாருக்கும் இறங்காது. அதான் இருக்கறதுலயே நல்ல இடமா வெட்டிப் போட்டேன்."

இருப்பதிலேயே நல்ல இடம். அதைச் சொல்லிவிட்டு, இனிமேல் எடுக்கவும் முடியாது என்றாய். வேறு இரண்டு மூன்று பேர் தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்றாய். சரி, ஹனூருக்கு அப்பால் இருக்கிற ஒரு ஊருக்கு அமெரிக்கா எப்போது வரப்போகிறது என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்துவிட்டது. ராமாயியின் மகள் மகன் ரவி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், உனக்குத் தெரியும். ஆபீசில் யாரோ "உங்க ஊர் பக்கத்துப் பாட்டு ஒண்ணு இன்டர்நெட்ல இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அதில் ஊர்ப் பேரைப் பார்த்திருக்கிறான், பாட்டியின் பேரைப் பார்த்திருக்கிறான். அந்த ஆபீஸ் சத்தத்தில் பாட்டைச் சரியாகக் கேட்கவில்லை, கீழே எழுதியிருந்ததையும் முழுசாகப் படிக்கவில்லை. பாட்டி பேர் பாட்டில் வருகிறது என்கிற பெருமையில் அதைக் காசெட்டில் பிடித்து, பண்டிகைக்கு ஊருக்குக் கொண்டுபோனான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுத்துணி உடுத்தி எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அம்மாயி, உங்க பேரு அமெரிக்காவுல வருது, கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டிருக்கிறான். செல்வி டேப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். பெரியம்மா குரல் என்று அவள்தான் முதலில் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறாள். யாரும் எழுந்து நிறுத்துவதற்குள் அவளைப் பற்றிய வரியும் வந்துவிட்டது. ஒரு துண்டுதானே, சீக்கிரம் வந்துவிடும். ராமாயி காசெட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். நல்ல நாளில் சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி கேட்டது என்று வாசலெல்லாம் சாணி கரைத்துத் தெளித்தாள். சுட்ட பலகாரத்தை எல்லாம் வெளியே கொட்டினாள். ரவிதான் இதையெல்லாம் என்னிடம் வந்து சொல்லி அழுதான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கெட்டது நினைக்கவில்லை. நீயும் நினைக்கவில்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வாய். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை.

நான் மறுநாளே பஸ் ஏறினேன். ராமாயி வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வாங்க சம்பந்தி. பாட வந்தீங்களா? இங்க இன்னும் ஆரும் சாவலீங்க."

"செல்வியப் பாக்க வந்தனுங்க."

"பாருங்க. உங்க தங்கச்சி மகதான. பாத்துட்டுப் போங்க. கூட்டிக்கிட்டுப் போறதுன்னு மட்டும் நெனைக்காதீங்க."

செல்வி திண்ணைத் திண்டில் சாய்ந்து நின்றிருந்தாள். ஓடி வரவில்லை. லீவுக்கு வந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே என் இடுப்பைக் கட்டிக்கொள்கிற பெண்.

"பெரிம்மா, நாந்தான் எங்கம்மாவத் தின்னுட்டனா?"

"இல்ல கண்ணு. அது பாட்டு. சாவுல அப்படித்தான் பாடுவாங்க. அதுக்கப்புறம் இன்னொரு பாட்டு இருக்குது. அதுல உன்னையத் தேத்திப் பாடியிருக்கறன்."

"அதயும் பாடு."

"இப்பப் பாடக் கூடாது கண்ணு. சாவில்லாத ஊட்டுல அதப் பாடக் கூடாது."

"அந்தப் பாட்டு மட்டும் எங்கூட்டுல கேட்டுதே. அன்னிக்கும் ஆரும் சாவலியே."

அவள் திரும்பி ராமாயியைப் பார்த்தாள். "அப்பத்தா, நீ கேட்டியா அந்த இன்னொரு பாட்ட? நெசமாவே பெரிம்மா பாடுச்சா?" என்றாள். ராமாயி சோளத்தையே தள்ளிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அவள் சொன்னால் செல்வி நம்புவாள். என் மேல் வஞ்சம் வைத்துப் பொய் சொல்லிவிடுவாளோ என்றும் எனக்குப் பயம். அவள் சொன்னது இதுதான்: "கேட்டனோ கேக்கலியோ, வெளக்கு அணைச்சாச்சு. அதோட போச்சு. அதயெல்லாம் எடுக்கக் கூடாது சாமி." செல்வி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ராமாயி எனக்கு வஞ்சம் செய்யவில்லை குமாரு. நான் என்ன காரணத்துக்காகப் பாடவில்லையோ, அதே காரணத்துக்காக அவளும் சொல்லவில்லை. பஸ் வரும் வரை நான் ஊர் முனையில் நின்றேன். யாரும் வரவில்லை.

திரும்பி வந்து கௌரியிடம் சொன்னேன். அவள் என்னைத்தான் திட்டினாள். "அக்கா, நீங்களும் அந்தப் பாட்டியும் என்ன பிடிவாதம் இது? பாப, பாவம்க்கா, அந்தக் கொழந்த என்ன செய்யும்? ஒரு தடவ பாடிக் காட்டிட்டா என்ன, வானமா இடிஞ்சு விழுந்துரும்?" என்றாள். விழலாம், விழாமலும் இருக்கலாம். ஒரு தடவை என்று சொல்லித்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. சாவு இல்லாத வீட்டில் நான் தேத்துப் பாட்டைப் பாடினால், அது சமாதானத்துக்குப் பாடிய பாட்டு. அன்றைக்குப் பாடியது அப்படியல்ல. நான் அன்றைக்கு உண்மையாகவே அவளைத் தேற்றினேன். இன்றைக்கு அவள் கேட்டாள் என்பதற்காக வாசலில் நின்று பாடினால், அவள் பெரியவளாகும்போது, "நான் அழுதேன் என்று பெரியம்மா எதையோ கட்டிப் பாடிவிட்டாள்" என்று நினைப்பாள். அவளுக்கு அந்தப் பாட்டும் பொய்யாகிவிடும். ஏச்சு மட்டும் மெய்யாக நிற்கும். இதைக் கௌரிக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை. உனக்கும் விளங்க வைக்க முடியாது என்று தெரியும்.

அடுத்து நடந்ததையும் கேள். நாம் முன்னே குடியிருந்த லைன் வீட்டில் என்னோடு பத்தி உருட்டினவள் புருசன் செத்துப்போனான். குடிகாரன், அவளை வாழ்நாளெல்லாம் அடித்தவன். அவளுக்குச் சொல்ல எவ்வளவு இருந்திருக்கும். நான் போய் அவள் தோளில் கைபோட்டு உட்கார்ந்து வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்தவள் என் வாயைக் கையால் பொத்தினாள். "செத்த இருங்கக்கா. எவனாச்சும் டேப்பு வச்சிருக்கானான்னு பாத்துக்கலாம். உங்க வாயி அமெரிக்கா வரைக்கும் கேக்குதாமே" என்றாள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், சாவு வீட்டில். பிறகு யாரும் பாடவில்லை. செத்தவனுடைய அண்ணன் தம்பிகள் நிம்மதியாக உட்கார்ந்து பீடி குடித்தார்கள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சும்மா இருந்தாள். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்திருக்கக்கூடிய ஒரே பேச்சு அது. அதையும் அவளிடமிருந்து பிடுங்கியாயிற்று. நீ பாட்டை உலகத்துக்குக் கொடுத்தேன் என்கிறாய். இங்கே அந்த லைன் வீட்டில் ஒருத்திக்கு இல்லாமல் போனது.

இதையெல்லாம் போனில் பாதி சொன்னபோதே நீ என்ன சொன்னாய்? "அப்படி இன்னொரு பாட்டு இருக்குன்னா நல்லதாப் போச்சும்மா. போன்லயே பாடுங்க, அதையும் பக்கத்துல சேத்துடறேன். செல்வி கேட்டுக்கட்டும்." உனக்கு அது ஒரு துண்டு காணாமல் போன சாமான். கிடைத்தால் ஒட்டிவிடுவாய். அது உனக்குக் கிடைக்காது. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பத்திக்கட்டு சுற்றி வந்த தமிழ்ப் பேப்பரைக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் உனக்கு இவ்வளவு எழுதுகிறேன். உன்னோடு தர்க்கம் பண்ண எனக்கு வார்த்தை போதாது. ஆனால் பாடுவதா இல்லையா என்பது என் வாய். அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் சொல்லிவிடு. அவள் வந்தால் சோறு போடுகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். பாட மாட்டேன். நீ மெஷினை வெளியே எடுத்தால் நான் எழுந்து கௌரி வீட்டுக்குப் போய்விடுவேன். உன் பக்கத்தில் அந்தத் துண்டை எடுக்க முடிந்தால் எடு. மற்றவர்கள் போட்டிருப்பதை எடுக்க முடியாது என்றால் அவர்களுக்கும் எழுது. இது பாதி, மீதி இங்கே இல்லை, இருக்கப் போவதும் இல்லை என்று அதன் கீழே இங்கிலீஷில் போடச் சொல். அதில் ராமாயியின் பேரையும் ஊரின் பேரையும் அடித்துவிடு; இந்தக் கடிதத்தைப் போடும்போது இதிலும் பேர்களை மாற்றிப் போடு.

செல்விக்கு நீ கடிதம் எழுதாதே. பரிசு எதுவும் வாங்கி வராதே. போன வாரம் டாக்டர் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு இத்தனை வருஷப் பத்தித் தூள் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்றார். நான் அதற்கு வருத்தப்படவில்லை. ஒரு சாவில் பாடி முடியாமல் நின்றதை அதே சொந்தத்தில் அடுத்த சாவில் பாடி முடிப்பது எங்களில் உண்டு. செல்வியைத் தேற்றினது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் அது முடியவில்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்குச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களில் அதை வரி பிசகாமல் பாடத் தெரிந்தவர்கள் நானும் ராமாயியும்தான். ராமாயி முந்திக்கொண்டால் நான் போய்ப் பாடுவேன். நான் முந்திக்கொண்டால் அவள் வருவாள். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் சாவுக்கு வராமல் இருக்க மாட்டாள், செல்வியையும் விட்டுவிட்டு வர மாட்டாள். பழையது புதியது எல்லாவற்றையும் சேர்த்து என் தலையில் கொட்டுவாள். உன் பேரும் வரும். நீ எழுந்து போகாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்து கேள். பிறகு குளித்துவிட்டு வந்து, செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் அன்றைக்குப் பாடினதைப் பாடி முடிப்பாள். அவளிடம் நான் இதைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கேட்காமலே செய்வாள். என் தங்கையைச் சாகவிட்டவள்தான். ஆனால் முறை தவற மாட்டாள். இன்றைக்கு உன்னைவிட எனக்கு அவள்மேல்தான் நம்பிக்கை. ஒரு பன்னிரண்டு வயசுப் பெண், தன்னை யாரும் வெறுக்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்கு இரண்டு கிழவிகளில் ஒருத்தி சாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவளை அப்படி உட்கார வைத்தவன் நீ. நீ சுமந்துகொண்டு இரு.

நான்தான் முந்துவேன் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு ஆண்களோடு சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போ. கொள்ளி வைத்ததும் வேலை முடிந்தது என்று அவசரமாகத் திரும்பிவிடாதே. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டோம் என்று பெண்கள் ஆள் அனுப்புவார்கள். அதுவரைக்கும் சுடுகாட்டிலேயே நில்.

அம்மா